அஸருக்குப் பின் அணையும் அடுப்பு

நோன்பு மாதத்தில் அடுப்புக்குக் கொடுக்கும் நேரம் குர்ஆன் ஓதுவதிலிருந்து எடுத்த நேரம் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். ஆகவே பிற்பகலின் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் அடுப்பில் தீ இருக்காது. கஞ்சிப் பானையைத் தணலில் மூடி வைத்துவிட்டு, உம்மாவும், ராத்தா என்று நான் அழைக்கும் அக்காவும், நானும் நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு வரை ஓதுவோம். தேங்காய்ப்பட்டணத்தில் மற்ற வீடுகளில் அந்நேரம் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். அந்த மணத்தின்மேல் எனக்கு ஏக்கமே இல்லை என்று சொன்னால் முழு உண்மையாகாது.

நாடு விடுதலையடைந்து சில ஆண்டுகள் கழிந்து ராத்தாவைத் தக்கலையில் மணம்முடித்துக் கொடுத்தோம். மணமான பின் வந்த முதல் நோன்பு மாதத்தின் முற்பாதியை அவள் எங்களோடு கழித்தாள். அழைத்துப்போக அவளது மாமியார் வரும் நாளில், நோன்பு திறக்க இறைச்சிப் பத்திரியும் வட்டிலப்பமும் வைப்பது ஊர் வழக்கம். பெண்வீட்டின் மதிப்பை அந்தத் தட்டில்தான் பார்ப்பார்கள்.

"உம்மா, இண்ணைக்கு மட்டும் பத்திரி சுடுங்க. இல்லேன்னா அங்க எனக்க மொகத்த எங்க கொண்டு வைப்பேன்?" என்றாள் ராத்தா.

"ஆளு வந்தா ஒண்ணு, வராட்டா ஒண்ணுன்னா அதுக்குப் பேரு நோன்பா மக்கா?"

உம்மாவின் குரல் உயரவில்லை. மகளின் கண் கலங்கியதைப் பார்த்தார், பார்த்தும் மாறவில்லை. அன்று எனக்கு அவர்மேல் கோபம்.

அஸர் முடிந்த சற்று நேரத்தில் மாமியார் பஸ்ஸில் வந்திறங்கினார். நேராக அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடுப்பு அணஞ்சு கெடக்கு. நான் வாறது மறந்து போச்சா மதினி? இல்ல, பட்டினியாவே திருப்பி விடப் போறியளா?"

"கஞ்சி ஆயாச்சு மதினி. பாங்குக்கு ரெண்டு மணிக்கூர் கெடக்கு. இந்த நேரம் நாங்க ஓதுவோம். இந்த நோன்புல நீங்க எத்தன ஜுஸு முடிச்சிய?"

குர்ஆன் முழுவதும் முப்பது ஜுஸு, அதாவது முப்பது பாகம். "அஞ்சு தாண்டல. எந்த வருசமும் தாண்டாது. அடுக்களைய விட்டு வந்தாத்தானே," என்றார் மாமியார்.

உம்மா தமது குர்ஆனை மரத்தாங்கியோடு அவர்முன் நகர்த்தி வைத்தார். மாமியார் தயங்கித் தயங்கி ஓதினார். ஓரிடத்தில் உச்சரிப்புப் பிசகியது. ராத்தா மெல்லத் திருத்தினாள். மருமகள் மாமியாரைத் திருத்துவதா என்று நான் உம்மாவைப் பார்த்தேன். அவர் அந்த வரியை மீண்டும் ஓதினார். பாங்கு சொல்லும்வரை நிறுத்தவில்லை.

பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி, தேங்காய்த் துவையல். அவ்வளவுதான்.

மறுநாள் புறப்படும்போது மாமியார் சொன்னார்: "பத்திரிய நெனச்சுதான் வந்தேன், நோன்போட பொய் சொல்லப்படாது. ஆனா ஒங்க மவள அங்க அடுக்களையில மட்டும் கட்டிப் போட மாட்டேன். அஸரு கழிஞ்சா எனக்குத் திருத்தித் தர ஆளு வேணும்."

அந்த ஆண்டு எஞ்சிய நோன்புகளில் தக்கலை வீட்டிலும் அஸருக்குப் பின் அடுப்பு அணைந்தது. மறு ஆண்டு மாமியார் முப்பது ஜுஸும் முடித்த செய்தியை பஸ்ஸில் வந்த ஒருவரிடம் சொல்லியனுப்பினார். உம்மா அதைக் கேட்டுவிட்டு, எங்கள் பானையின் மூடியைச் சரிசெய்தார். அவர் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை நான் வேறெந்த நாளிலும் கண்டதில்லை.

உம்மாவும் மாமியாரும் இப்போது உயிரோடு இல்லை. அந்த மரத்தாங்கி என்னிடம் இருக்கிறது. நோன்பு மாதத்தில் அஸர் கழிந்ததும் அதன் முன் ராத்தாவும் நானும் ஓத அமர்கிறோம்.