வெள்ளைக் குதிரை படுத்த காலை

குதிரையோடு யோகா என்று மகள் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கண்ணை மூடினாலே தூக்கம் வந்துவிடுகிற ஆள் நான். இதில் குதிரை வேறா? ஆனால் என் கணவர் போய் எட்டு மாதமாகியும் மூச்சை இழுத்தால் நெஞ்சில் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டே மகள் என் பெயரைப் பதிந்துவிட்டாள். போகாவிட்டால் தினம் போன் செய்து உயிரை எடுப்பாள் என்றுதான் போனேன்.

ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரம், வாழைத்தோப்புகளுக்கு நடுவில் வேலி போட்ட ஓர் இடம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வகுப்பு. சொல்லிக்கொடுத்தது ஸ்ரீரங்கத்துப் பெண், என் மகளைவிடச் சின்னவள். குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர் பாலக்கரைக்காரர். எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்தவர். அவரிடம் இருந்த மூன்றில் வெள்ளைப் பெட்டைக்குத்தான் வயது அதிகம். பேண்டு வாத்தியத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்த குதிரை.

"ரிட்டயர் ஆயிடுச்சு டீச்சர், உங்கள மாதிரியே" என்றார் முதல் நாள்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

பயிற்சி ஒன்றும் பிரமாதமில்லை. விரிப்பில் கொஞ்சம் ஆசனம். பிறகு குதிரையின் பக்கத்தில் நின்று, விலாவுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அதன் மூச்சோடு நம் மூச்சைச் சேர்க்க வேண்டும். சும்மா நிற்கிற குதிரை நிமிஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மூச்சுதான் விடும். அது ஒரு மூச்சு விடுவதற்குள் நான் இரண்டு விட்டேன். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, என் மூச்சும் அடிவயிறு வரை இறங்கியது. அந்த வெள்ளை முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. அது ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, குளம்பின் நுனியை ஊன்றியபடி அசையாமல் நின்றது.

யோகா டீச்சருக்கு என் சுபாவம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. "ஆன்ட்டி, உங்களுக்குப் பதற்றம் ஜாஸ்தி. வர எண்ணத்த விரட்டாதீங்க, அது பின்னாடியும் ஓடாதீங்க. இது ஒரு எண்ணம்னு வெறுமனே பாருங்க. எழுந்து போய் ஏதாவது செய்யணும்னு தோணும். செய்யாதீங்க, உக்காருங்க" என்பாள்.

உட்கார்வது எனக்கு வராத கலை. அதை என் கணவர் வீட்டில் சொல்லிக்காட்டாத நாளில்லை. கடைசியாகச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. முசிறியில் வேலை, காலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு பஸ்ஸை விட்டால் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் இருந்தபடி, "கொஞ்சம் உக்காரேன். மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்றார். "நேத்து பரோட்டா சாப்பிட்டா அப்படித்தான் இருக்கும். ஓமவாட்டர் இருக்கு, குடிங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். பஸ் குணசீலத்தைத் தாண்டும்போது பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நான் திரும்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உண்மையில் அதற்காகத்தான் உட்காரக் கற்றுக்கொள்ளப் போனேன். மகளுக்கு இது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை பாய் புல் அறுக்கக் கரைப்பக்கம் போயிருந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் விரிப்புகளில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக் குதிரை தரையைக் காலால் இரண்டு முறை பிறாண்டியது. பிறகு முன்னங்கால்களை மடித்து, எங்களுக்கு நடுவிலேயே படுத்துவிட்டது. யோகா டீச்சரின் முகம் மலர்ந்துபோயிற்று. குதிரை சுலபத்தில் படுக்காது, நம்மை நம்பினால்தான் நம் பக்கத்தில் படுக்கும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். "யாரும் பேசாதீங்க. கூடவே இருங்க, கண்ண மூடிக்கோங்க" என்று கிசுகிசுத்தாள்.

நான்தான் அதன் பக்கத்தில் இருந்தேன். கையை வயிற்றில் வைத்தேன். ஈரமாக இருந்தது, பனி என்று நினைத்தேன். மூச்சை எண்ணினேன். பன்னிரண்டு இல்லை, அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஒருமுறை கண்ணைத் திறந்தேன். அது கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலுதடு சுருண்டிருந்தது. இதற்கு வலிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் பாயைக் கூப்பிட வேண்டும் என்றும் தோன்றியது.

அப்புறம் நான் செய்ததுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை. இது ஒரு எண்ணம், என் பழைய பதற்றம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடினேன். எழுந்திருக்காமல் முழுதாக அரை மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

புல்லுக்கட்டு பொத்தென்று விழுகிற சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தோம். பாய் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். "எவ்ளோ நேரமா படுத்திருக்கு?"

"அரை மணி நேரம் இருக்கும்" என்று நான்தான் சொன்னேன்.

அவர் அதை இழுத்து எழுப்பி நடக்கவிட்டார். வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடத்தினார். அது நான்கு அடி வைத்து மறுபடியும் முட்டி மடங்கியது. கால்நடை டாக்டர் துறையூர்ப் பக்கம் ஒரு மாட்டைப் பார்க்கப் போயிருந்தார், வர ஒன்றரை மணி நேரமாயிற்று. ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டார். குடல் முறுக்கிக்கொண்டது, முன்னாடியே பார்த்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். மதியத்துக்குள் வெள்ளைக் குதிரை செத்துப்போயிற்று. யோகா டீச்சர் தேம்பித் தேம்பி அழுதாள். பாய் அவளைத் திட்டவில்லை. எங்களைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தெரியும்மா, பாவம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். வகுப்பு நின்றுபோனதாக வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. நான்காவது சனிக்கிழமை அதே ஆறு மணிக்கு அங்கே போய் நின்றேன். பாய் இரண்டு குதிரைகளுக்கும் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், எனக்குத் தெரிஞ்சுது" என்றேன். "அதுக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் உக்காந்திருந்தேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே டீச்சர். அந்தக் கரையிலதான இருந்தேன்" என்றார் கடைசியில். கோபமே இல்லாமல் சொன்னார். வெள்ளைக் குதிரைமேல் சாய்ந்து அழுததுபோலத்தான் அன்றும் அழுதேன். ஆனால் நெற்றியை வைக்க அந்த முதுகு இல்லை.

நான் அழுது முடிக்கும்வரை அவர் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"நான் புல்லுக்குப் போயிட்டு வரேன். இதுங்க பக்கத்துல செத்த நேரம் இருங்க. கண்ண மூடாதீங்க. மூச்சு ஒரு மாதிரி இருந்துச்சுன்னா உடனே கூப்பிடுங்க. ஒண்ணுமில்லாம போனாலும் பரவால்ல, நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

அவர் வாழைகளுக்கு நடுவே இறங்கிப் போனார். நான் செருப்பைக் கழற்றாமல் நின்று, பழுப்புக் குதிரையின் வயிற்றில் கை வைத்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை என் கணவரும் இந்த வார்த்தையைத்தான் சொன்னார், ஒரு மாதிரி இருக்கு என்று. வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு நான் கரைக்கு அந்தப் பக்கம்கூட இல்லை, அதே அறையில் இருந்தேன்.