மே பதினேழில் பிறந்தவர்கள்

திரையில் இருக்கும் பெயரை மூன்று தடவை சத்தமாகப் படிப்பார். "சரிதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, சரிதானே?" என்று கேட்பார். சரி என்றாலும் பட்டனைத் தட்டமாட்டார். நாலாவது தடவை படிப்பார். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு ஜன்னல் அவருடையது. இந்த ஆறு மாதமாக அந்த வரிசையில் நத்தை வந்து நின்றால்கூட அதற்கும் அலுத்துப்போகும்.

ஊருக்கு அவர் 'தேதி அண்ணன்'. எதிரே ஜெராக்ஸ் கடை போட்டிருக்கும் எனக்குக் காரணம் தெரியும். பிறந்த நாள் தெரியாமல் வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பியதே இல்லை. "எப்பப் பொறந்தே?" "பெரிய மழை பெஞ்ச வருசம்ணே." வருசத்தைக் குத்துமதிப்பாகப் போடுவார். நாளுக்கு மே பதினேழு. அது அவருடைய கல்யாண நாள். "வேற தேதி மறந்துரும். இதை மறந்தா வீட்ல சோறு கிடையாதே" என்பார். இருபது வருசத்தில் பாதி ஊர் மே பதினேழில் பிறந்துவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன்னால் பதிவேடு, ஆஸ்பத்திரி, தண்ணீர் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் கோத்துவிட்டார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் அது இரண்டு பேரை ஒருவராக்கிவிடும். அன்றிலிருந்து போன் அடித்தாலே அண்ணன் முகம் சுண்ணாம்புதான்.

போன திங்கட்கிழமை தெருக் கூட்டும் அக்கா வந்தார். சர்க்கரை வியாதி, தினமும் ஊசி.

"ஆஸ்பத்திரில மருந்து குடுக்க மாட்டேங்கறாங்கண்ணே. நான் செத்துட்டேனாம்."

அண்ணன் கம்ப்யூட்டரில் தேடினார். அதே பெயர், அதே அப்பா பெயர், அதே வருசம், அதே மே பதினேழு. வேறொரு பெண் போன மாதம் இறந்திருந்தாள். அந்தச் சாவைப் பதிந்ததும் அண்ணனேதான்.

"ஊசி எத்தனை நாளைக்கு இருக்கு?"

"நாளான்னைக்கு வரைக்கும்."

இரண்டு பேரையும் பிரிக்க வேண்டுமானால், 'தேதியை நானாகப் போட்டேன்' என்று அண்ணன் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விசாரணை. ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம். என் கடையில் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், எழுதினார். கை வியர்வையில் மை கலங்கியது.

"மொத்தம் எத்தனை பேருக்கு மே பதினேழு போட்டீங்கண்ணே?" என்றேன்.

"எண்ணல. எண்ணினா செத்துருவேன்."

"ஒண்ணும் பயப்படாதீங்க. செத்தாலும் உங்க ஜன்னல்ல அதைப் பதிய ஒரு மாசம் ஆகும்."

என் ஜோக்குக்கு அண்ணன் சிரிக்காத முதல் நாள் அது.

புதன்கிழமை காலை அண்ணன் மேலதிகாரியம்மாவின் அறைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். கடைசி ஊசியைப் போட்டுக்கொண்டு வந்த அக்கா வாசலில் நின்றார். அண்ணன் கடிதத்தை நீட்டினார். அந்தம்மா வாங்க இழுத்தார், அண்ணன் பிடியிலிருந்து வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்.

"சார், விடுங்க. கிழிஞ்சிரும்."

அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.