தகரக் கூண்டுக்குள் ஏ.சி.

அந்தத் தகரக் கூண்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் பல வருடமாக ஏ.சி. திருத்துகிறேன். கடலைப் பார்த்த கட்டடங்களில் சுவருக்கு வெளியே பொருத்திய பெட்டி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அதற்குப் பயந்து இங்குள்ளவர்கள் அதை மூடுவார்கள். ஒருவர் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டுவார், இன்னொருவர் பலகை அடிப்பார். அறையின் சூட்டை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அதன் முகத்தைப் பொத்தினால், தள்ளிய சூட்டையே அது திரும்பவும் இழுக்கும். இதை எடுத்துச் சொன்னால், உப்புக் காற்றைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பார்கள்.

துறைமுகத்துக்கு அருகே ஒரு தனியார் அலுவலகம். அதன் மேலாளர் ஒரு படி மேலே போனவர். பின்சுவரில் வரிசையாக இருந்த ஐந்து பெட்டிகளையும் சுற்றித் தகரம் அடித்து, கூரையும் போட்டு, ஆள் குனிந்து நுழைய ஒரு கதவும் வைத்து, அதற்குப் பூட்டும் போட்டிருந்தார். வருகிறவர்களைப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் அதைப் பெருமையாகக் காட்டுவார்.

போன வருடம் அவர் என்னை அழைத்தார். கரண்ட் பில் ஏறிவிட்டது, எந்த மெசின் கூடுதலாகக் கரண்ட் இழுக்கிறது என்று அளந்து சொன்னால் அதை மட்டும் திருத்தலாம் என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அளந்து பார்த்துத் திருத்தச் சொல்லி என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கழுவு, கசிவை ஒட்டு, போ என்பதுதான் வழக்கம்.

போனதும் முதலில் குசினிப் பக்கம் பையை வைத்தேன். அங்கே கூட்டித் துடைத்து, தேநீர் ஊற்றி, மாலையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகும் அக்கா ஒருவர் நின்றார். கட்டைபறிச்சானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு கடிதத்தை நீட்டினார்.

“தம்பி, இதை ஒருக்கா வாசியுங்கோ. நான் விளங்கினது சரியோ எண்டு சொல்லுங்கோ.”

அவர் விளங்கியது சரிதான். அவருடைய கவனயீனத்தால் ஏ.சி.கள் இரவு முழுவதும் ஓடுகின்றனவாம். அதனால்தான் பில் ஏறியதாம். ஒரு வாரத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேலைக்கு வரத் தேவையில்லை.

“ஒரு நாளும் நிப்பாட்டாமப் போனதில்லை, தம்பி. அஞ்சு சுவிட்சையும் நிப்பாட்டி, திரும்பவும் ஒருக்காப் பாத்திட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுறனான்.”

இரவில் ஏ.சி. ஓடியதைக் கண்டவர் யாரென்று கேட்டேன். ஒருவரும் இல்லை. காணாததைக் கண்டதுபோல எழுதி, கீழே முத்திரையும் குத்திவிட்டார்கள். குற்றத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு அளக்க ஆள் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மேலாளரின் அறையில் தொடங்கினேன். மெசின் காற்றை இழுக்கும் இடத்தில் ஒரு வெப்பமானி, குளிர்காற்று வரும் வாயில் இன்னொன்று. இரண்டுக்கும் பத்துப் பாகையளவு வித்தியாசம் இருக்க வேண்டும். நாலரைதான் இருந்தது. வயரைச் சுற்றிக் கவ்விக் கரண்ட் அளக்கும் மீட்டரைப் போட்டேன். மெசினின் தகட்டில் எழுதியிருந்ததைவிடக் கூட இழுத்தது. ஐந்திலும் அதே கதைதான். அறை குளிர்ந்தால் கொம்ப்ரசர் தானாக நிற்க வேண்டும். ஒரு மணித்தியாலம் காத்திருந்தேன், ஒன்றுகூட நிற்கவில்லை.

பிறகு பூட்டின் திறப்பை வாங்கிக் கூண்டுக்குள் நுழைந்தேன். பேக்கரிப் போறணையைத் திறந்ததுபோல முகத்தில் சூடு அடித்தது. வெளியே நிழலில் முப்பத்திரண்டு பாகை, உள்ளே ஐம்பதைத் தாண்டியிருந்தது. யாரிடமும் கேட்காமல் முன்பக்கத் தகரங்களையும் கூரையையும் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப அளந்தேன். கரண்ட் இறங்கியிருந்தது. காற்றின் வித்தியாசம் ஒன்பதுக்கு வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலாளரின் அறைக் கொம்ப்ரசர் நின்றது.

அளவுகளைத் தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தேன்.

“சேர், பில் எந்த மாசம் ஏறத் தொடங்கினது?”

சொன்னார். தகரம் அடித்த மாதத்துக்கு அடுத்த மாதம்.

“அப்ப அந்த அக்காவில பிழை இல்லை. உங்கட தகரத்திலதான் பிழை.”

அவர் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து, சேர்விஸ் அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார்.

“தகரம் அடிச்சு ரெண்டு மாசம் கழிச்சு சேர்விஸ் செய்த ஆள் ஒண்டும் சொல்லேல்லையே?”

ஐந்து மெசினுக்கும் நேரே ‘எல்லாம் சரி’ என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. அன்று அந்தக் கதவால் குனிந்து போனதும், வேர்த்துக் கொட்டியதும் நினைவுக்கு வந்தன. பெட்டிகளைக் கழுவினேன், உள்ளே வந்து காற்றில் கையை நீட்டிப் பார்த்தேன், குளிர் வந்தது, எழுதிக் கொடுத்தேன். கூண்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் ஆசையாகக் கட்டியதைக் குறை சொல்லி, கிடைக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்ள நான் விரும்பவில்லை.

“பிழை என்னிலயும் இருக்கு, சேர். அதையும் எழுதித் தாறன். அந்தக் கடிதத்தை நீங்கள் திருப்பி எடுங்கோ.”

“நான் அதைப் பாத்துக்கொள்றன்” என்றார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார், கடிதத்தை வாங்கினார், நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடைக்குள் போட்டார். “சரி, போய் வேலையைப் பாருங்கோ” என்றார். ஒரு மன்னிப்பு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கிழித்ததே பெரிய தயவு என்பதுபோல் பேனையை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். அந்தத் திமிரை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பையை எடுக்கக் குசினிக்குப் போனேன். அக்கா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று நான் நினைத்தது உண்மை. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நான் பையில் வைக்கப்போன மீட்டரைப் பார்த்தார்.

“போன முறையும் நீங்கள்தானே தம்பி வந்தனீங்கள்?”

“ஓம், அக்கா.”

“அண்டைக்கு இந்தச் சாமான் உங்களிட்ட இருக்கேல்லையோ?”

“இருந்தது” என்றேன்.