வளவனூர்க்காரரின் வலது கை

மனிதர்களைக் கட்டிப்போடுவதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை ஆயாவாக இருந்தேன். குளோரோபாரம் கொடுத்ததும் எப்பேர்ப்பட்ட சாதுவும் முதலில் கொஞ்ச நேரம் கையையும் காலையும் உதறித் திமிறுவார். அவர் மேஜையிலிருந்து விழாமலும் டாக்டர் மூக்கில் குத்தாமலும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கட்டுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு மணி நேரம் அந்த மேஜையில் படுத்துப் பார்க்கட்டும். நான் படுத்துப் பார்த்திருக்கிறேன். திண்டிவனத்தில் வேலை பழகியபோது, அறை காலியாக இருந்த மதியங்களில் நானே ஏறிப் படுத்து, எங்கே வலிக்கிறது, எங்கே மரத்துப்போகிறது என்று தெரிந்துகொண்டேன். முழங்கைக்குக் கீழே பஞ்சுத் திண்டு, முழங்காலுக்குக் கீழே ஒன்று. கையைப் பலகையில் நீட்டி உள்ளங்கை மேலே பார்க்க வைக்க வேண்டும். தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. கட்டுத் துணிக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். விழித்திருப்பவனுக்கு வலித்தால் அலறுவான். மயங்கிக் கிடப்பவனுக்காக நான்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கெடார்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத நான், அந்தத் தெருப் பெரிய மனிதர்களின் கையையும் காலையும் கட்டிக்கொண்டிருந்தேன். மயக்கத்தில் யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

மயங்குவதற்கு முன்னாலேயே ஆட்சேபித்தவர் வளவனூர்ப் பண்ணைக்காரர். குடலிறக்கத்துக்காக வந்திருந்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு மேஜையில் ஏறிப் படுத்தார். நான் துணியோடு கிட்டே போனேன். வலது கையைத் தூக்கி, புறங்கையால் காற்றைத் தள்ளினார், ஈயை விரட்டுவது போல. வாய்கூடத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் கையசைப்பின் அர்த்தம் குழந்தைக்கும் தெரியும்.

கூட வந்த மச்சினர்தான் வாயைத் திறந்தார். "டாக்டரே, மாமாவ நானே கட்டிப்போடுறேன். அவள எட்ட நிக்கச் சொல்லுங்க."

டாக்டர் நல்லவர்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர் பண்ணைக்காரர். அந்தக் கிணற்றில் நான் தண்ணீர் சேந்தக் கூடாது என்பது தனிக் கதை. டாக்டர் தலையாட்டிவிட்டார்.

மச்சினர் மாடு கட்டிப் பழகியவர். பலகை நான் தொட்டது, திண்டு நானே தைத்தது என்று தெரிந்ததும் இரண்டையும் காலால் ஒதுக்கினார். மாமாவின் வலது கையை மேஜைக்கு வெளியே தொங்கவிட்டு, புது ஜரிகைத் துண்டால் மேஜைக்காலோடு இழுத்துக் கட்டினார். புஜம் இரும்பு விளிம்பில் அழுந்தி வெளுத்தது.

"ஐயா, கை தொங்குதுங்க. விளிம்பு அழுத்துதுங்க. மரத்துப்பூடும்ங்க" என்றேன்.

"இன்னா, எனக்கே கட்டக் கத்துக்குடுக்கிறியா? சும்மா கெட" என்றார் மச்சினர். டாக்டரோ, "ஜல்தி, ஜல்தி" என்று குளோரோபாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் சுவரோடு சுவராக நின்று அந்தப் புஜத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் ஒரு துணியையாவது அடியில் செருகியிருக்கலாம். பயந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆபரேஷன் அமோக வெற்றி. மறுநாள் காலை என்னைக் கண்டதும் பண்ணைக்காரர் விரட்டுவதற்குக் கையைத் தூக்கினார். முழங்கை வந்தது. மணிக்கட்டு வரவில்லை. வாடிய வாழையிலை மாதிரி கை மடங்கித் தொங்கியது. மறுபடி முயன்றார். மறுபடியும் தொங்கியது. ஆண்டவர் மன்னிக்கட்டும், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு மதியம் வரைதான். டாக்டர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். கைகால் கட்டியவர் யார் என்ற இடத்தில், எப்போதும் போல முன்கூட்டியே எழுதிவைத்த என் பெயர். "கை திரும்பலேன்னா மேல இருக்கிறவங்க இதத்தான் பாப்பாங்க. உன் வேல போயிடும். நான் இன்னா பண்ண முடியும்?"

"கட்டுனது நான் இல்லீங்களே!"

"எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்து என்ன பிரயோஜனம்?

நரம்பு நசுங்கியிருந்தது. தினம் இரண்டு வேளை கையைத் தேய்த்து, மணிக்கட்டைத் தூக்கித் தூக்கி இறக்கி, பிறகு மணிக்கட்டு தொங்காமல் மட்டை வைத்துக் கட்ட வேண்டும். "எனக்கு அந்தப் பழக்கமில்லீங்க" என்று மச்சினர் ஊருக்கு வண்டி ஏறிவிட்டார். மிச்சமிருந்தது நான். வீட்டார் கூடிப் பேசினார்கள். வைத்தியத்தில் தீட்டு கிடையாதென்று அவர்கள் புரோகிதர் சொல்லிவிட்டாராம். மகராசன், அதை ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா!

ஆக, ஆறு வாரம் அவருடைய தனி அறையில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னலைப் பார்ப்பார், நான் கையைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கையைக்கூட நான் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை. "வந்துடும்ங்க, வந்துக்கினே இருக்குதுங்க" என்று அவருக்குச் சொல்வது போல எனக்கே சொல்லிக்கொள்வேன். ஒருநாள் அவர் குரல் உடைந்து, "இந்தக் கை வராதா?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று கோபமாகவும் இருந்தது.

ஏழாவது வாரம் ஒரு காலை, அவர் வீட்டிலிருந்து தண்ணீர் வரத் தாமதமாகிவிட்டது. விக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிப் பானையிலிருந்து நானே செம்பில் மொண்டு நீட்டினேன். கை எழும்பியது. மணிக்கட்டு நிமிர்ந்தது. ஐந்து விரலும் விரிந்து காற்றைத் தள்ளின. எட்டப் போ.

செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். "டாக்டரய்யா, வந்துடுச்சுங்க! வெரட்டுறாருங்க!"

டாக்டர் வந்து, "எங்கே, இன்னொரு வாட்டி" என்றார். பண்ணைக்காரர் முயன்றார். சும்மா செய்யச் சொன்னால் வரவில்லை. "நீ எதிர்ல நில்லு" என்றார் டாக்டர் என்னிடம். நின்றேன். வந்தது. மூன்று தடவை வந்தது. கை சரியாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதி மூடினார். என் வேலை தப்பியது. நான் கண்ணீரும் சிரிப்புமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், அவர் நான்காவது தடவையும் விரட்டுகிற வரைக்கும்.