வரிசையில் முந்தியவர்

யுத்த காலத்தில் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் குமாஸ்தா. குளிர்காய்ச்சலுக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சம்மதித்து வந்தவர்களில் ஒருவருக்குப் புதியது, அடுத்தவருக்குப் பழைய கொய்னா மாத்திரை. நின்ற வரிசைப்படி நான் பெயர் எழுத வேண்டும்.

ஆவடியில் ராணுவக் கொட்டகை கட்டுமிடத்தில் சித்தாள் வேலை செய்த ஓர் அம்மா ரயிலேறி வந்திருந்தார். சுண்ணாம்பு அரித்த விரலால், முன்னால் நின்ற தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். மேஜையை நெருங்கியதும், தனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்றவளைப் பின்னுக்குத் தள்ளி முந்திக்கொண்டார்.

“இன்னாம்மா, புது மாத்திரைக்கு அவ்வளவு அவசரமா?” என்று எரிந்து விழுந்தேன்.

“அது இன்னா பண்ணும்னு தெரியாதுன்னு டாக்டரே சொன்னாரே சாமி. அவ பால் குடுக்கறவ. பண்றது எனக்குப் பண்ணட்டும்” என்றார். பற்கள் தந்தியடித்தன.

அவர்கள் இப்போது நின்ற வரிசைப்படியே பெயர்களை எழுதினேன்.

யாருக்கு எந்த மாத்திரை போனது என்பது முழுக்கத் தற்செயல் என்று டாக்டர் அறிக்கையில் எழுதினார். அதில் இரண்டு வரிகள் தற்செயல் அல்ல என்பது எனக்குத் தெரியும். எழுதியவன் நான்தான், அந்த அம்மாவின் பெயர்தான் நினைவில்லை.