9,99,919

2005 கோடையில் மரக்காணத்தில் ஓர் உப்பளக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பாத்திகளிலிருந்து வரும் உப்புநீரின் அடர்த்தியை அளந்து எழுத வேண்டும். ஐந்து மணிக்கு எல்லோரும் போய்விடுவார்கள். வாடகை அறைக்குப் போனாலும் பேச ஆளில்லை என்பதால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

எனக்கிருந்த ஒரே தோழி கோயம்புத்தூரில் இருந்தாள். விடுதியில் ஒரே அறையில் இருந்தபோது தொடங்கிய விளையாட்டு ஒன்று எங்களிடம் உண்டு. ஒருத்தி ஓர் எண் கொடுப்பாள். மற்றவள் கால்குலேட்டர் இல்லாமல் அதைக் காரணிகளாக உடைக்க வேண்டும். உடைக்கும்வரை பேச்சு கிடையாது. வேலைக்கு வந்தபின் கடிதத்துக்கும் போனுக்கும் அதே விதிதான்.

மே மாதம் அவள் கடிதம் வந்தது. கணவனோடு வெளிநாடு போகிறாள். கிளம்பும் தேதிக்கு இருபத்தொரு நாள் இருந்தது. ‘போறதுக்குள்ள உன் குரலைக் கேக்கணும். அதனால ரொம்ப சுலபமான எண்தான் தர்றேன்: 9,99,919.’

சுலபம் என்றதைக் கிண்டல் என்று நினைத்தேன். கடைசி இலக்கம் ஒன்பது, எனவே இரண்டும் ஐந்தும் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 46, மூன்றும் இல்லை. ஏழால் வகுத்தால் மீதி நாலு. பதிமூன்றால் வகுத்தால் மீதி பதினொன்று. வர்க்கமூலம் ஆயிரத்துக்குச் சற்றே கீழே. ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் 168. நாளுக்கு எட்டு வகுத்தால் சரியாக இருபத்தொரு நாள். கணக்கு அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில் எனக்குச் சந்தோஷம்கூட. பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

உப்பு வாரும் அக்கா ஒருத்தி சாயங்காலம் மறுநாள் அளக்க வேண்டிய உப்புநீர்ப் பாட்டில்களை வைக்க வருவாள்.

“இன்னாம்மா, டெய்லி எழுதிக்கினே இருக்கிற? பரீட்சையா?”

“ஃப்ரெண்டு குடுத்த கணக்குக்கா. முடிச்சாதான் அவகிட்ட பேச முடியும்.”

“நல்ல கூத்து! போன் போட்டு அவளையே கேளேன்.”

“கேக்கக் கூடாதுக்கா. அதான் ரூல்.”

“வாய பூட்டிட்டு கைய நோவ வச்சிக்கிறதெல்லாம் ஒரு ரூலா? படிச்சவங்களுக்குத்தான் இதெல்லாம் தோணும்.”

இருபத்தொன்றாம் நாள், பட்டியலில் 167ஆவதாக இருந்த 991 மீதியில்லாமல் வகுத்தது. ஈவு 1009. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் தெரிந்தது: ஒன்று ஆயிரத்துக்கு ஒன்பது குறைவு, மற்றது ஒன்பது கூடுதல். ஆயிரத்தின் வர்க்கத்திலிருந்து ஒன்பதின் வர்க்கத்தைக் கழித்தால் இந்த எண். பத்து லட்சத்துக்கு எண்பத்தொன்று குறைவு என்று ஒருமுறை பார்த்திருந்தால், கடிதம் வந்த அன்றே பேசியிருக்கலாம். எனக்காகவே தேடி எடுத்த எண் அது.

எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். அவள் அம்மாதான் எடுத்தார்.

“மத்தியானமே ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டா கண்ணு. போன் அடிச்சா நீதான்னு ஓடி ஓடி எடுத்தா. உங்களுக்குள்ள சண்டைங்களா?”

“இல்லைங்கம்மா.”

“அப்புறம் ஏன் கண்ணு இத்தன நாளா பேசல?”

புது விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அன்றே கடிதம் எழுதினேன். முதல் வரியில் விடை. விதிப்படி, உடைத்தவள் அடுத்த எண்ணைக் கொடுக்க வேண்டும். நான் எந்த எண்ணும் கொடுக்கவில்லை. படித்த கையோடு அவள் பதில் எழுதலாம்.