நாலு மணி மயில்

போன வாரம் எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பத்தாயிரம் வாலா ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். விருதுநகரில் இது ஒரு செய்தியே இல்லை. நான் மாடியில் காயப்போட்ட வற்றலை அள்ளிக்கொண்டிருந்தேன். (வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளில் கௌரவமானது இது ஒன்றுதான்.) கடைசி வெடி அடங்கியதும், அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் நின்ற மயில் கழுத்தை நீட்டி ஒரு கத்து கத்தியது. நான் அள்ளுவதை நிறுத்திவிட்டு இன்னொரு சத்தத்துக்காகக் காத்து நின்றேன். எந்தச் சத்தம் என்று சொல்கிறேன். அதற்குள் வெடிமருந்துப் புகை மூக்கில் ஏறிவிட்டது. அந்த வாசனை வந்தால் எனக்கு வயது இருபத்திரண்டு ஆகிவிடும்.

ஆண்டு சரியாக ஞாபகமில்லை. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கலாம். பி.காம். முடித்துவிட்டு, வெம்பக்கோட்டை போகும் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ஆர்டர் எழுதுவது, லோடு ஏற்றிப் போன லாரியின் நம்பரைக் குறிப்பது, யாராவது கேட்டால் “மேனேஜர் இல்லை” என்பது, இவைதான் வேலை. மூன்றாவதில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டெஸ்ட். போர்மேன் சுப்பையா அண்ணாச்சி, அன்றைக்குச் செய்த சரக்கில் வகைக்கு ஒன்று எடுத்துப்போய்ப் பின்பக்கப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார். வெடித்த மறுநொடி வேலிக்கு அப்பாலிருந்து மயில் பதில் சொல்லும். “மயிலு பாஸ் போட்டுருச்சு, எழுதிக்கோ” என்பார் அண்ணாச்சி. நமுத்துப்போன வெடி புஸ்ஸென்று அடங்கினால் மயில் வாயைத் திறக்காது. “பெயிலு” என்பார். நானும் நோட்டில் அப்படியே எழுதுவேன். படித்து வாங்கிய பட்டத்துக்கு மேலே ஒரு மயில் அதிகாரியாக இருப்பதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மயிலுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு குரல் வரும். “ஏ முருகா! ஒன் வண்டிய நிப்பாட்ட என் காடுதான் கெடச்சுச்சா? எடுத்துட்டுப் போய்யா!”

அது முத்தக்கா. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். கம்பெனி வேலியை ஒட்டி அவருக்கு ரெண்டு ஏக்கர் காடு. வீட்டுக்காரர் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒருநாள் முகம் காட்டுவார். ஆடியில் நிலக்கடலை விதைப்பதும், விதைத்ததை மயில் கிளறித் தின்பதும், தின்றதைத் திட்டுவதும் முத்தக்கா ஒற்றை ஆளாகச் செய்த வெள்ளாமை. முதலில் வெடி, அப்புறம் மயில், அப்புறம் முத்தக்கா. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

வெடி போட்டு விரட்டலாமே என்று நீங்கள் கேட்கலாம். போட்டோம். பெயிலான குருவி வெடிகளை அண்ணாச்சி ஒரு பை நிறையக் கொடுத்தார். வெடித்த வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் மயில்கள் நின்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி குனிந்து கடலையைக் கிளறின. முட்டைக்குள் இருக்கும்போதே வெடிச்சத்தம் கேட்ட பிறவிகள். வேறு ஊர் மயிலாக இருந்தால் ஓடியிருக்கும்.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் காட்டிலாகா நோட்டீஸ் ஒன்று ஒட்டியிருந்தது. எதை எதைத் தொட்டால் ஜெயில் என்று ஒரு பட்டியல். முத்தக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். மயிலைத் தொட்டால் வருஷக்கணக்கில் உள்ளே. எலியையும் காக்கையையும் கொன்றால் கேட்பாரில்லை. முத்தக்கா மூக்கில் விரலை வைத்தார்.

“எலி பிள்ளையார் வண்டிதான தம்பி? அண்ணன் வண்டிய அடிக்கலாம், தம்பி வண்டியத் தொடக்கூடாதா? இதென்ன ஓரவஞ்சன?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. ஆனால் பதில் தெரியாத இடத்தில்தான் எனக்கு எழுத வரும். “ஒரு மனு எழுதிக் குடுங்க தம்பி, நஷ்ட ஈடாச்சும் தரட்டும்” என்றார். பத்திரிகைகளுக்கு ‘ஆசிரியருக்குக் கடிதம்’ எழுதி எழுதி எனக்குக் கை ஊறிப் போயிருந்த காலம். ஐயா, சமூகம், தாழ்மையுடன் எல்லாம் போட்டு முழுப்பக்கம் எழுதினேன். கடைசியில் ஒரு எடுப்பு வேண்டாமா? “தக்க நடவடிக்கை எடுக்கத் தவறும் பட்சத்தில், நாங்களே தகுந்த முடிவெடுக்க நேரிடும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று முடித்தேன். சாக்கடை அள்ளவில்லை என்றாலும் பஸ் நிற்கவில்லை என்றாலும் எல்லா மனுவிலும் அந்த வரி வரும். அது யாரையும் கடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். படித்துக் காட்டியதும் முத்தக்கா கைநாட்டு வைத்தார்.

ஒரு மாசத்தில் பதில் வந்தது. தேசியப் பறவைக்கு ஊறு விளைவிக்காமல், வெடி வெடித்து விரட்டிக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறது என்று இருந்தது. முத்தக்கா சிரித்த சிரிப்பில் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “சிவகாசிக்காரிக்கு வெடி போடக் கத்துத் தாராக!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

அந்த ஆடியில் முதல் விதைப்பு முழுக்க மயிலுக்குப் போய், கடன் வாங்கி இரண்டாம் விதைப்பும் போட்டிருந்தார். விதைத்த ரெண்டாம் நாள் காலையில் வேலியோரம் நாலு மயில் செத்துக் கிடந்தன. ஆண் ஒன்று, பெட்டை மூன்று. திட்டித் தீர்த்த அந்த மனுஷி ஆண்மயிலின்மேல் தன் தலைத்துண்டைப் போர்த்திவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். “காட்டிலாகாவுக்குப் போன் போடுங்க தம்பி, நாமளாச் சொல்லீருவோம்” என்றதும் அவர்தான். நான்தான் ஆபீஸ் போனில் சொன்னேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வானத்தில் போய்ப் பூவாய் விரிகிற பேன்சி வெடிகளுக்குள் மணி மருந்து என்று ஒன்று போடுவார்கள். கேப்பை, சோளம் போல உருண்டை உருண்டையாக இருக்கும். ஈரம் பட்டு வீணானதை வேலியோரக் குழியில் கொட்டிவிடுவது வழக்கம். ‘கழிவு, ஒரு சட்டி’ என்று நோட்டில் எழுதுகிறவனும் நான்தான். மயில்கள் கிடந்த இடத்திலிருந்து குழிக்கு இருபது எட்டுக்கூட இருக்காது.

ரேஞ்சர் ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை. நாலு நாள் தூங்காத முகம். கையில் ஒரு பைல். பைலுக்குள் என் மனு. அந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது.

“தகுந்த முடிவெடுப்போம்னு எழுதியிருக்கீங்க. என்னம்மா முடிவு அது?”

“மனுன்னா அப்படித்தான சார் எழுதுவாக?”

“எழுதினது யாரு?”

முத்தக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “வளியில போன ஒரு புண்ணியவான் சார். பேரு கேக்கல.”

ரேஞ்சர் பைலை மூடிவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, உங்க கம்பெனிக் கழிவு எதுவும் இங்க கொட்டுறதுண்டா?”

அப்போது என் தோள்மேல் ஒரு கை விழுந்தது. சுப்பையா அண்ணாச்சியின் கை. அது அழுத்தவில்லை. சும்மா கிடந்தது.

“தெரியல சார்” என்றேன்.

முத்தக்காவையும் நாலு மயிலையும் ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மயில்கள் சாக்குக்குள். முத்தக்கா அந்தச் சாக்கு சாயாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மத்தியானமே மேனேஜர் ரெண்டு டிராக்டர் செம்மண் அடித்துக் குழியை மூடினார். நான் அண்ணாச்சியிடம் கேட்டேன். “மணி மருந்தத் தின்னும் செத்துருக்கலாம். பக்கத்துல பருத்திக்கு அடிச்ச மருந்தத் தின்னும் செத்துருக்கலாம். ஒனக்கு என்னலே தெரியும்? எனக்குத்தான் என்ன தெரியும்? இருநூறு பேரு இங்கன கஞ்சி குடிக்காக. வாய மூடு” என்றார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை. அதுதான் பிடுங்கல்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் போய் ஜாமீனில் கூட்டிவந்தார். அப்புறம் கேஸ் ரெண்டு வருஷம் இழுத்தது. வாய்தாவுக்குப் போவார், வருவார். கோர்ட்டில் உட்கார்ந்தே ரெண்டு ஆடி போனது. மயில்களை அறுத்துப் பார்த்த அறிக்கை வந்ததா, வந்து என்ன சொன்னது, ஒன்றும் எங்கள் காதுக்கு வரவில்லை. போதிய சாட்சியம் இல்லை என்று ஒருநாள் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. கேஸ் முடிந்த பிறகு வந்த வீரம் என்று நீங்கள் சிரிக்கலாம், தாராளமாக. பஸ் ஸ்டாப்பில் முத்தக்காவைப் பார்த்து, குழியைப் பற்றி, நோட்டைப் பற்றி, அந்த வரியைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“குளி எனக்குத் தெரியாதா தம்பி? தெனமும் அங்கன நிக்கிறவ நானு” என்றார். “ஆனா நானும் விதைக்கு மருந்து பொரட்டித்தான் போட்டேன். கடக்காரன் குடுத்த பவுடரு. எறும்பு திங்காதுன்னான். கொன்னது நானா, ஒங்க கம்பெனியான்னு முருகனுக்குத்தான் வெளிச்சம். தெரியாதத எப்படிச் சொல்ல?”

“என் பேரையாவது சொல்லியிருக்கலாமேக்கா.”

“ஒங்களையும் ஏத்திட்டா அடுத்த மனுவ யாரு எளுதுவா?” என்று சிரித்தார். பிறகு, “அந்த வரி நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நீங்க படிச்சுக் காட்டையில எனக்கே ஒரு தெம்பு வந்துச்சு” என்றார். பஸ் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அவர் பார்க்காதபடி ஏறிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் விதைக்கவில்லை. எங்கள் கம்பெனியிலேயே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்ட வந்து சேர்ந்தார். நாலு மணிக்கு வெடி வெடிக்கும், மயில் கத்தும். ஷெட்டுக்குள்ளிருந்து முத்தக்கா தலையை நிமிர்த்துவார், மறுபடி குனிந்து உருட்டுவார். அவ்வளவுதான். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அடுத்த தீபாவளி லோடு போனதும் வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

போன வருஷம் அந்த வழியாகப் போனேன். கம்பெனி கைமாறி வேறு பேரில் இருக்கிறது. அண்ணாச்சி இல்லை. முத்தக்கா மகளோடு திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். ரெண்டு ஏக்கரும் சீமைக்கருவேலங்காடாகிக் கிடக்கிறது. அதற்குள் மயில், எண்ண முடியாத அளவுக்கு மயில். சட்டம் ஜெயித்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா என்று யோசித்தேன், பிடிபடவில்லை.

வற்றலை அள்ளிக் கீழே கொண்டுபோகச் சொல்லி வீட்டிலிருந்து ரெண்டு தடவை குரல் வந்துவிட்டது. நான் இன்னும் மாடியிலேயே நின்றேன். வெடி வெடித்து ஓய்ந்துவிட்டது. மயிலும் தவறாமல் பதில் சொல்லிவிட்டது. மூன்றாவதாக வர வேண்டிய அந்த வசவுதான் வரவில்லை.